புயோ புயோ 2: ஐந்து செயின் கட்டுவதும் எதிராளியைப் பார்த்து ஆடுவதும்

மேலிருந்து விழும் துண்டுகளை அடுக்கும் கேம் என்றால் நம்மவர்களுக்கு முதலில் டெட்ரிஸ்தான் ஞாபகத்துக்கு வரும். ஜப்பானில் அதற்குச் சரிசமமாகப் பெயர் வாங்கிய இன்னொன்று புயோ புயோ. ஹிரோஷிமாவில் இருந்த கம்பைல் நிறுவனம் 1991-இல் அதை வெளியிட்டது. 1992-இல் ஆர்கேடுக்கு, அதாவது காசு போட்டு ஆடும் கேம் கூடங்களுக்கு, வந்ததும் நாடு முழுக்கப் பிடித்துக்கொண்டது. 'புயோமான்' என்று அந்தப் பெயரில் ஓர் இனிப்புப் பண்டம்கூட விற்றார்கள். நான் இங்கே சொல்லப்போவது 1994-இல் வந்த இரண்டாம் பாகத்தைப் பற்றி. இன்றைக்கும் போட்டிகளில் ஆடப்படுவது இந்த இரண்டாம் பாகத்தின் விதிகள்தான். அதற்குக் காரணம் அதில் சேர்த்த ஒரே ஒரு விதி. அந்த விதியைப் புரிந்துகொண்டு ஆடினால் கேம் வேறாகிவிடும்.

நான் யோகோஹாமாவில் வேலை பார்க்கிறேன். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், ஹிரோஷிமாக்காரர். பள்ளி விட்டதும் ஆர்கேடில் போய் நின்ற தலைமுறை. நான் இப்போது திருச்சியில் இருக்கும் அக்கா மகனுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமை இரவு இருவரும் ஆன்லைனில் ஆடுவோம். அவன் எங்கெல்லாம் சிக்கிக்கொண்டானோ அங்கெல்லாம் இந்தக் கட்டுரையும் கொஞ்சம் நின்று பேசும்.

எதில் ஆடுவது

சேகா வெளியிட்ட 'புயோ புயோ சாம்பியன்ஸ்' போதும். ஸ்டீம், ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் எல்லாவற்றிலும் இருக்கிறது, விலையும் குறைவு. உள்ளே போனதும் 'புயோ புயோ 2' விதிகள், 'ஃபீவர்' விதிகள் என்று இரண்டு கேட்கும். முதலாவதை எடுங்கள். பழைய ஆர்கேடு வடிவத்தையே பார்க்க வேண்டும் என்று ஆசையிருந்தால் 2020-இல் ஸ்விட்சுக்கு 'சேகா ஏஜஸ்' வரிசையில் வந்த பதிப்பு இருக்கிறது. சேகாவின் பழைய மெகா டிரைவ் கன்சோலில் டாக்டர் ரோபாட்னிக் படம் போட்ட பீன்ஸ் கேம் ஆடியவர்களும் இருப்பீர்கள். அது முதல் பாகத்துக்கு வேறு சட்டை மாட்டிய வடிவம். கை பழகியிருக்கும், ஆனால் இரண்டாம் பாகத்தின் முக்கியமான விதி அதில் கிடையாது.

கீபோர்டில் ஆடலாம். கன்ட்ரோலர் இருந்தால் ஸ்டிக்கை விட்டுவிட்டு, அம்புக்குறிப் பொத்தான்களில் ஆடுங்கள். ஒரு கட்டம் நகர்த்த நினைத்து இரண்டு கட்டம் போகிற தொல்லை அதில் குறைவு.

அடிப்படை விதிகள்

ஆளுக்கு ஒரு பலகை: 6 கட்டம் அகலம், 12 கட்டம் உயரம். புயோ என்ற வண்ண உருண்டைகள் ஜோடி ஜோடியாக விழும். ஒரே நிறத்தில் 4 அல்லது அதற்கு மேல் ஒன்றையொன்று தொட்டால் வெடிக்கும். மேல், கீழ், இடம், வலம் தொட்டால்தான் கணக்கு. குறுக்காகத் தொட்டால் கிடையாது. வெடித்த இடம் காலியானதும் மேலே இருப்பவை கீழே விழும். விழுந்தவை புதிதாக நான்கு சேர்ந்தால் அவையும் வெடிக்கும். அதுதான் செயின். இரண்டு முறை அடுத்தடுத்து வெடித்தால் 2 செயின், மூன்று முறை என்றால் 3 செயின்.

ஜோடியைக் கிடையாக வைத்துக் கீழே விட்டால், ஒரு பக்கம் பள்ளமாக இருந்தால் அந்தப் பாதி தனியாகப் பிரிந்து உள்ளே விழும். டெட்ரிஸ் ஆடியவர்களுக்கு இது முதலில் பழகாது. இதைப் பயன்படுத்தத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

இடமிருந்து மூன்றாவது நெடுவரிசையின் உச்சிக் கட்டம் அடைபட்டால் ஆட்டம் முடிந்தது. மற்ற ஐந்து நெடுவரிசைகளும் உச்சி வரை நிறைந்திருந்தாலும் பரவாயில்லை, மூன்றாவது திறந்திருந்தால் உயிரோடு இருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத 13-ஆவது வரிசை ஒன்றும் மேலே உண்டு. அங்கே புயோ உட்காரும், ஆனால் கீழே இறங்கும்வரை அது எதோடும் சேர்ந்து வெடிக்காது. உச்சியில் நான்கு சேர்ந்தும் ஏன் வெடிக்கவில்லை என்று குழம்பினால் காரணம் இதுதான்.

ஒற்றைக் கட்டப் பள்ளத்துக்குள் ஜோடி நின்றால் சாதாரணமாகத் திரும்பாது. சுழற்றும் பொத்தானை அடுத்தடுத்து இருமுறை அழுத்துங்கள், மேலே இருப்பது கீழே வந்துவிடும். இதுவும் இரண்டாம் பாகத்தில் வந்த வசதி.

எல்லாவற்றையும் மாற்றிய விதி

நீங்கள் வெடித்தால் எதிராளியின் பலகையில் ஓஜாமா விழும். அது நிறமில்லாத, கண்ணாடி மாதிரியான புயோ. தானாக வெடிக்காது. பக்கத்தில் நிறப் புயோ வெடித்தால் கூடவே போகும்.

முதல் பாகத்தில் எதிராளி உங்களுக்கு ஓஜாமா அனுப்பிவிட்டால் வாங்கிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. யார் முதலில் ஒரு நல்ல செயினை வெடிக்கிறாரோ அவர் ஜெயித்தார். அதனால் அது வேகப் போட்டியாக இருந்தது. இரண்டாம் பாகத்தில், ஓஜாமா தலைக்கு மேல் காத்திருக்கும்போது நீங்களும் வெடித்தால் உங்கள் அளவுக்கு அது கழியும். உங்களுடையது பெரிதாக இருந்தால் மிச்சம் எதிராளி மேல் போய் விழும். சிறிதாக இருந்தால் மிச்சம் உங்கள் மேல் விழும்.

இந்த ஒரு கழித்தலால் கேம் தலைகீழானது. இப்போது முதலில் வெடிப்பவர் தன் கையைக் காட்டிவிடுகிறார். இரண்டாவதாக வெடிப்பவர் எவ்வளவு தேவை என்று பார்த்துவிட்டு வெடிக்கலாம். என் அக்கா மகன் இதைப் பிடித்துக்கொள்ள நாளானது. நான்கு சேர்ந்ததும் உடனே வெடித்துவிடுவான். நான் அவனுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "வெடிக்க முடியுதுங்கறதுக்காக வெடிக்காதடா."

எண்கள்

இந்தக் கணக்கை ஒருமுறை மனசில் ஏற்றிக்கொண்டால் அவசரப்படும் பழக்கம் தானாகக் குறையும். ஆட்டத் தொடக்கத்தில் 70 புள்ளிக்கு ஓர் ஓஜாமா. ஒவ்வொரு வெடிப்பிலும் சரியாக நான்கு புயோ என்று வைத்துக்கொள்வோம். முதல் வெடிப்புக்கு 40 புள்ளி, இரண்டாவதுக்கு 320, மூன்றாவதுக்கு 640, நான்காவதுக்கு 1280, ஐந்தாவதுக்கு 2560, ஆறாவதுக்கு 3840. கூட்டிப் பார்த்தால்:

2 செயின்: 360 புள்ளி, 5 ஓஜாமா
3 செயின்: 1000 புள்ளி, 14 ஓஜாமா
4 செயின்: 2280 புள்ளி, 32 ஓஜாமா
5 செயின்: 4840 புள்ளி, 69 ஓஜாமா
6 செயின்: 8680 புள்ளி, 124 ஓஜாமா

பலகையில் மொத்தமே 72 கட்டம். 5 செயின் ஒன்று 69 அனுப்புகிறது என்றால் பதில் இல்லாதவருக்கு ஆட்டம் அங்கேயே முடிந்தது. ஐந்து தடவை தனித்தனியாக நான்கு நான்காக வெடித்தாலோ மொத்தம் 200 புள்ளி, 2 ஓஜாமா. அதே 20 புயோதான் செலவு. இதனால்தான் புதிதாக ஆடுபவருக்கு நான் வைக்கும் முதல் இலக்கு 5 செயின். அதற்கு மேல் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தலைக்கு மேல் வரும் குறிகளையும் படிக்கப் பழகுங்கள். சின்ன உருண்டை 1, பெரியது 6, சிவப்பு 30. எவ்வளவு காத்திருந்தாலும் ஒரு தடவைக்கு 30-க்கு மேல் விழாது, அதாவது 5 வரிசை. மீதி அடுத்த முறை.

முதல் பயிற்சி: நடுவில் மாட்டிய நிறம்

ஒரே நெடுவரிசையில் கீழே 2 சிவப்பு, அதன் மேல் 3 பச்சை, அதன் மேல் 2 சிவப்பு வையுங்கள். பக்கத்து நெடுவரிசையில் அந்தப் பச்சைகளை ஒட்டி நான்காவது பச்சையை விட்டால் பச்சை வெடிக்கும், மேல் சிவப்பு கீழே இறங்கிச் சேரும், சிவப்பும் வெடிக்கும். 2 செயின். கணினி எதிராளியில் மிகச் சுலபமானவரை வைத்துக்கொண்டு இதை மட்டும் செய்யுங்கள். ஜெயிப்பது தோற்பது இப்போது முக்கியம் இல்லை. 'இது போனால் அது எங்கே விழும்' என்று யோசிக்கும் கண் வர வேண்டும்.

படிக்கட்டு

இதுதான் 5 செயினுக்கு நேர்வழி. முதலில் முடிந்த வடிவத்தைப் பாருங்கள். சி சிவப்பு, ப பச்சை, நீ நீலம், ம மஞ்சள். கோடு போட்ட இடம் காலி.

4-ஆம் வரிசை: – | ப | நீ | ம | சி | –
3-ஆம் வரிசை: – | சி | ப | நீ | ம | சி
2-ஆம் வரிசை: – | சி | ப | நீ | ம | சி
1-ஆம் வரிசை: – | சி | ப | நீ | ம | சி

இடது ஓரம் முழுக்கக் காலி. அங்கே ஒரு சிவப்பை விடுங்கள். அது பக்கத்துச் சிவப்பைத் தொட்டு நான்காகி வெடிக்கும். அதன் தலையில் இருந்த பச்சை தரைக்கு வந்து அடுத்த மூன்று பச்சையைத் தொடும். பச்சை போனால் நீலம் இறங்கும், நீலம் போனால் மஞ்சள், மஞ்சள் போனால் கடைசிச் சிவப்பு. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு: ஐந்து.

கணிதத்துக்கு வைத்திருக்கும் கட்டம் போட்ட நோட்டில் நான்கு வண்ண பென்சிலால் இதை வரைந்து பாருங்கள். என் அக்கா மகனுக்கு ஸ்க்ரீனில் புரியாதது நோட்டில் உடனே புரிந்தது. வரைந்து, ஒவ்வொரு வெடிப்புக்கும் அழித்து, விழுந்த நிலையை மறுபடி வரைய வேண்டும். கொஞ்சம் பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது.

கட்டும்போதுதான் சிக்கல் வரும், ஏனென்றால் நிறம் நாம் கேட்டபடி வராது. அதனால் ஒரு நெடுவரிசையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்று உட்காராதீர்கள். எல்லா நெடுவரிசையும் ஒன்றாக வளர வேண்டும். எந்த நிறம் எந்த நெடுவரிசை என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள், முதலில் வரும் ஜோடிகள் அதைச் சொல்லிவிடும். சிவப்பும் பச்சையும் சேர்ந்த ஜோடி வந்தால் 2, 3 நெடுவரிசைகளில் கிடையாக வையுங்கள். அப்புறம் நீலமும் மஞ்சளும் வந்தால் 4, 5-இல். இப்போது அடித்தளம் தயார். ஒரே நிற ஜோடி வந்தால் அதன் நெடுவரிசையில் நிமிர்த்தி விடுங்கள், ஒரே அடியில் மூன்று ஆகிவிடும்.

கலப்பு ஜோடிதான் படிக்கட்டின் உயிர். 2-ஆம் நெடுவரிசையில் இரண்டு சிவப்பு இருக்கிறது, கையில் சிவப்பும் பச்சையும் கொண்ட ஜோடி. சிவப்பு கீழே, பச்சை மேலே வருமாறு நிமிர்த்தி விடுங்கள். மூன்றாவது சிவப்பும், தலைப் பச்சையும் ஒரே ஜோடியில் முடிந்தன. இந்த ஒரு அசைவு கைக்கு வந்துவிட்டால் படிக்கட்டு மிக வேகமாக ஏறும்.

ஒரு எச்சரிக்கை. தலை நிறத்தை அவசரப்பட்டு வைக்கக்கூடாது. 3-ஆம் நெடுவரிசையில் மூன்று பச்சை ஏற்கெனவே நிற்கிறது, 2-இல் இரண்டு சிவப்புதான் இருக்கிறது என்றால், அதன் மேல் பச்சையை வைத்ததும் அது மூன்றாம் வரிசைப் பச்சையைத் தொட்டுவிடும். நான்கு சேர்ந்து, கட்டியதெல்லாம் 40 புள்ளிக்குப் போய்விடும். கீழே மூன்று முடிந்த பிறகே தலை.

எதற்கும் ஒத்துவராத புயோவை எங்கே போடுவது? வலது மேல்பக்கம், 5, 6 நெடுவரிசைகளுக்கு மேலே. அங்கே இருப்பவை கடைசியில்தான் இறங்கும், அதனால் செயினைக் கெடுக்காது. மூன்றாவது நெடுவரிசையில் கண்டதைப் போடாதீர்கள், அங்கே உயரம் ஏறினால் உயிருக்கே ஆபத்து.

இடது ஓரத்தைப் பற்றிப் பலர் தப்பாக நினைத்திருக்கிறார்கள். அங்கே ஒன்றுமே விழக்கூடாது என்று பயப்பட வேண்டாம். 2-ஆம் நெடுவரிசையில் சிவப்பு மூன்று வரிசை உயரத்துக்கு இருக்கிறது. எனவே இடது ஓரத்தில் இரண்டு வேண்டாத புயோ கிடந்தாலும் மூன்றாவது உயரத்தில் சிவப்பை விட்டால் தொடும், வெடிக்கும். மூன்று விழுந்தால்தான் வழி அடைபடும். அந்த வேண்டாத புயோ பச்சையாக இருந்தால் இன்னும் நல்லது. சிவப்பு போனதும் அதுவும் பச்சைக் கூட்டத்தோடு சேர்ந்து, ஐந்தாக வெடித்து, புள்ளி கூடும். இந்த 'இரண்டு வரை தாங்கும்' என்ற கணக்கைக் கீழே மறுபடி எடுப்போம்.

திரையின் நடுவே அடுத்து வரும் இரண்டு ஜோடிகள் தெரியும். கையில் இருப்பதோடு சேர்த்து மூன்று. முதல் வாரங்களில் கையில் இருப்பதையும் அடுத்ததையும் மட்டும் பாருங்கள், போதும். இரு பக்கமும் ஒரே வரிசைமுறையில்தான் ஜோடிகள் வருகின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு நிறமே வரவில்லை என்று புலம்ப இந்தக் கேமில் இடமில்லை, அவருக்கும் அதேதான் வந்தது.

எதிராளியைப் பார்ப்பது

படிக்கட்டு கட்ட வந்துவிட்டதும் என் அக்கா மகன் கணினியைச் சுலபமாக ஜெயித்தான், மனிதர்களிடம் தோற்றுக்கொண்டே இருந்தான். "மாமா, அவன் என்ன பண்றான்னு பார்த்தா என்னோடத எங்க வைக்கிறதுன்னு மறந்துடுது" என்றான். எல்லோருக்கும் அப்படித்தான். அதற்கு நான் சொன்ன வழி: ஜோடியை எங்கே வைப்பது என்று முடிவெடுத்துக் கீழே இறக்கும் அந்த நொடியில் கண்ணுக்கு வேலை இல்லை. அந்த நொடியில் மட்டும் பக்கத்துப் பலகையைப் பாருங்கள். எல்லா ஜோடிக்கும் வேண்டாம், மூன்று ஜோடிக்கு ஒருமுறை போதும்.

பார்த்தால் என்ன தேட வேண்டும்? முதலில் உயரம். பலகை பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் பெரியது ஏதோ கட்டுகிறார். அடுத்து, அவர் எங்கிருந்து வெடிக்கப்போகிறார். ஓர் ஓரம் மட்டும் பள்ளமாக இருந்தால் அதுதான் வாசல். மூன்றாவது, அடுத்து வரும் ஜோடிகளில் அந்த வாசலில் இருக்கும் நிறம் வருகிறதா. இது தெரிந்தால் அவர் வெடிக்கும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

காதையும் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு வெடிப்புக்கும் ஆடுபவரின் கதாபாத்திரம் ஒரு மந்திரம் சொல்லும். ஆர்லே என்ற பெண் பாத்திரம் இரண்டாவதில் 'ஃபயர்', மூன்றாவதில் 'ஐஸ் ஸ்டார்ம்' என்பாள். ஏழாவதில் 'பயோயேன்' என்று இழுப்பாள். என் பக்கத்து மேசைக்காரர் திரையைப் பார்க்காமலே எத்தனை செயின் ஓடியது என்று சொல்லிவிடுவார்.

இப்போது மூன்று சந்தர்ப்பங்களைச் சொல்கிறேன்.

அவர் முதலில் பெரியதை வெடித்துவிட்டார். பதறாதீர்கள். அவருடைய செயின் முழுவதும் ஓடி முடியும்வரை உங்கள் மேல் ஓஜாமா விழாது. ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு விநாடிக்கு மேல் ஆகும். 5 செயின் என்றால் நாலைந்து ஜோடி வைக்க நேரம் இருக்கிறது. உங்களிடம் ஏற்கெனவே 5 செயின் இருந்தால் இந்த இடைவெளியில் ஆறாவதைச் சேர்க்கப் பாருங்கள். பிறகு வெடியுங்கள். அவருடையது 69, உங்களுடையது 124. கழித்தால் 55 அவர் மேல் விழும். அவர் பெரியதைச் செலவழித்துவிட்டதால் கையில் பதில் சொல்ல ஒன்றும் இருக்காது. 9 வரிசைக்கு மேல் ஓஜாமா நிறைந்த பலகையில் அவர் என்ன செய்ய முடியும்?

இருவரும் கட்டிக்கொண்டே போகிறீர்கள், யாரும் வெடிக்கவில்லை. இங்கே சின்னத் தாக்குதல் ஒன்று வேண்டும். நல்லது எதுவென்றால், இரண்டாவது வெடிப்பில் இரண்டு நிறம் ஒன்றாகப் போகும் 2 செயின். இரண்டு நிறத்துக்கான கூடுதல் சேர்ந்து மொத்தம் 920 புள்ளி, 13 ஓஜாமா. சாதாரண 2 செயின் 5-தான் அனுப்பும், இது இரண்டு முழு வரிசையும் ஒன்றும். மேலே சொன்ன கணக்கு ஞாபகம் இருக்கிறதா? வாசல் காலியாக வைத்திருப்பவர் இரண்டு வரிசையைத் தாங்குவார். வாசலில் ஏற்கெனவே ஒன்றோ இரண்டோ புயோ கிடந்தால் அடைபட்டுப்போகும். எனவே அவருடைய வாசலைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். அடைபடப்போகிறது என்று தெரிந்ததும் அவர் பாதி கட்டிய பெரிய செயினை அவசரமாக வெடிப்பார். நீங்கள் எதிர்பார்த்தது அதைத்தான். உங்களுடைய பெரியது இன்னும் கையில் இருக்கிறது, இப்போது இரண்டாவதாக வெடிப்பவர் நீங்கள்.

அவர் உங்களுக்கு அதே சின்னத் தாக்குதலை அனுப்புகிறார். பெரியதைச் செலவழிக்காமல் பதில் சொல்ல ஏதாவது சின்ன வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வலது மேல்பக்கம் போட்டு வைத்த வேண்டாத புயோக்களில் மூன்று சேர்ந்த கூட்டம் ஒன்று பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால், வாசல் திறந்திருக்கிறதா என்று பார்த்து, திறந்திருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்தாறு ஓஜாமாவுக்காக 5 செயினை வெடிப்பதுதான் இந்தக் கேமில் மிகப் பெரிய செலவு. வாசலில் விழுந்த ஓஜாமா சிவப்பு வெடிக்கும்போது கூடவே போய்விடும், அதையும் நம்பலாம்.

புதைந்துவிட்டால்

இது எல்லோருக்கும் நடக்கும். மேலே ஓஜாமா மூடிவிட்டது, கீழே செயின் பத்திரமாக இருக்கிறது. வாசல் எந்த நெடுவரிசையோ அதற்கு நேர்மேலே நான்கு ஒரே நிறத்தைச் சேர்த்து வெடியுங்கள். தொட்டுக்கொண்டிருக்கும் ஓஜாமா ஒரு வரிசை போகும். கிடையாகப் பரப்பி வெடித்தால் கீழே இருக்கும் நான்கு ஓஜாமாவைத் தொடலாம், நிமிர்த்தி அடுக்கினால் கீழே ஒன்றைத்தான். பக்கவாட்டில் இருக்கும் ஓஜாமாவைத் தோண்டத்தான் நிமிர்ந்த அடுக்கு உதவும். எதைத் தோண்ட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு நிறத்தைச் சேருங்கள். கண்ட இடத்தில் நான்கு சேர்த்து வெடித்துக்கொண்டே போனால் மூச்சு விடலாம், ஆட்டம் திரும்பாது.

பலகை முழுக்கக் காலியானால்

உங்கள் பலகையில் ஒன்றுமே இல்லாமல் துடைத்துவிட்டால் அடுத்த வெடிப்போடு கூடுதலாக 30 ஓஜாமா போகும். ஆட்டத் தொடக்கத்தில் இரண்டு, மூன்று ஜோடியிலேயே இது சில சமயம் அமையும். அமைந்தால் விடாதீர்கள். எதிராளிக்கு அமைந்துவிட்டால் நீங்கள் 4 செயின் அளவாவது பதில் தயாராக வைத்திருக்க வேண்டும், 4 செயின் 32 என்பதால் அந்த 30-ஐச் சரிக்கட்டிவிடும்.

5 செயினுக்கு மேல்

படிக்கட்டு நான்கு வரிசை உயரத்தில் முடிந்துவிடுகிறது. மேலே எட்டு வரிசை காலி. அதைப் பயன்படுத்த, கீழ்த்தளத்தில் ஓடும் செயின் ஓரத்தில் திரும்பி மேல்தளத்தைப் பிடிக்க வேண்டும். அந்தத் திருப்பத்துக்குப் பல வடிவங்கள் உண்டு. அதிகம் பயன்படுத்துவது ஜிடிஆர் ('கிரேட் தனகா ரென்சா', ரென்சா என்றால் செயின்), தனகா என்ற ஆட்டக்காரரின் பெயரில் வந்தது. நல்ல ஆட்டக்காரர்கள் இதில் தொடங்கிப் பத்துக்கும் மேல் சாதாரணமாகக் கட்டுகிறார்கள். பலகை தாங்கக்கூடிய அதிகபட்சம் 19 செயின். நீங்கள் ஜிடிஆருக்குப் போக அவசரப்பட வேண்டாம். பத்து ஆட்டத்தில் ஏழெட்டில் படிக்கட்டு தடங்கலின்றி வருகிறது, நடுவில் இரண்டு மூன்று முறையாவது எதிராளியின் பலகையைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் அப்போது தொடங்குங்கள். 13 செயின் கட்டத் தெரிந்தும் பக்கத்துப் பலகையைப் பார்க்காதவரை, 6 செயின் வைத்துக்கொண்டு பார்த்து ஆடுபவர் தோற்கடிப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக நேரம். காத்திருப்பது நல்லது என்று ஆட்டம் முழுக்கக் காத்திருக்க முடியாது. 96 விநாடிக்குப் பிறகு ஓர் ஓஜாமாவுக்கு வேண்டிய புள்ளி 70-லிருந்து குறைய ஆரம்பிக்கும். பிறகு மேலும் மேலும் குறையும். அதுவரை 5 ஓஜாமா அனுப்பிய சின்ன 2 செயின்கூட அந்த நேரத்தில் பலகையைப் புதைக்கும். அதனால் ஒன்றரை நிமிடம் நெருங்கும்போது இருவர் கையிலும் பெரியது இருந்தால், சின்னத் தாக்குதலை முதலில் நீங்கள் அனுப்பி அவரை வெடிக்க வையுங்கள். இந்த சனிக்கிழமை அக்கா மகனுக்கு நான் சொல்லிக்கொடுக்கப்போவது இந்தப் பகுதியைத்தான். அவன் இன்னும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.